காரணம் வேறு, மன்னிப்பு வேறு

கொரிய வெப்டூன்களிலும் ஜப்பானிய மாங்காக்களிலும் உலவும் கொடிய காதலர்களை வாசகர்கள் ஏன் நேசிக்கிறார்கள், ஏன் வெறுக்கிறார்கள்?

பல்கலைக்கழகத்தில் எல்லோராலும் கொண்டாடப்படும் ஒரு வாலிபன்: செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, அழகன், படிப்பில் முதல்வன், யாரிடத்தும் இன்முகம் மாறாதவன். அந்தப் புன்னகைக்கு அடியில் வேறொரு முகம் ஒளிந்திருக்கிறது என்பதை அவனோடு படிக்கும் பெண் ஒருத்தி தற்செயலாகக் கண்டுகொள்கிறாள்; அவள் கண்டுகொண்டாள் என்பதை அவனும் கண்டுகொள்கிறான். அதன் பிறகு, பிறர் கண்ணுக்குப் புலப்படாத விதமாகவும், புகார் சொன்னால் நகைப்புக்கு இடமாகும் அளவுக்கு அற்பமாகவும், அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இன்னல்கள் நேர்கின்றன; ஒரு நாள் கைதவறிச் சிதறிய காகிதங்களைப் பொறுக்க அவள் குனிந்தபோது, அவற்றைக் காலால் தள்ளிவிட்டு அவன் தன் வழியே போகிறான். மறு வருஷம் அதே வாலிபன் அவள் எதிரே வந்து நின்று, நெடுநாள் சிநேகிதனைப் போல, "சாப்பிடப் போகலாமா?" என்று கேட்கிறான்.

சூன்கி என்ற புனைபெயர் கொண்ட கொரியப் படைப்பாளி எழுதி வரைந்து, 2010ஆம் ஆண்டு நேவர் தளத்தில் தொடங்கிய 'சீஸ் இன் தி டிராப்' என்னும் சித்திரத் தொடரின் அஸ்திவாரம் இதுதான். ஹோங் ஸொல் என்ற அந்தப் பெண்ணுக்கும் யூ ஜங் என்ற அந்த வாலிபனுக்கும் இடையே வளர்ந்த உறவு, பழைய வருஷத்துச் சம்பவங்களும் நிகழ்கால உபசாரங்களும் மாறி மாறி வர, நான்கு பருவங்களாக 2017 வரையில் நீண்டது. இது காதல்கதையா, திகில்கதையா என்று தீர்மானிக்க மாட்டாத வாசகர்கள் இரண்டையும் ஒட்டவைத்து 'ரொமான்ஸ்ரில்லர்' என்று அதற்கு ஒரு பெயர் சூட்டினார்கள். ஒவ்வோர் அத்தியாயமும் வெளிவந்தவுடன் அவர்கள் நடத்தியது ரசனை என்பதைவிட விசாரணை என்றே சொல்லத்தக்கது. வாய் சிரிக்கும்போது கண்ணின்மேல் நிழல் விழுந்திருக்கிறதா, அவன் கேட்ட கேள்வியில் பரிவு இருந்ததா பொறி இருந்ததா, அவளைப் பின்தொடர்ந்து அலையும் ஓ யங்-கொன் என்னும் மாணவனுக்குத் துணிச்சல் ஊட்டியவனே இவன்தானோ என்றெல்லாம் ஒவ்வொரு சட்டத்தையும் அவர்கள் துருவினார்கள்.

பிறகு சூன்கி அவனுடைய பால்யத்தைத் திறந்து காட்டினார். பெற்ற தந்தையே தன் மகனிடம் ஏதோ கோளாறு இருப்பதாக எண்ணி, அவனைத் திருத்தும் பொருட்டு வேறிரண்டு பிள்ளைகளை வீட்டுக்குள் கொண்டுவந்து வளர்த்ததும், தனக்கென்று இருந்த எதையும் பிறர் உரிமையோடு எடுத்துக்கொள்வதைச் சிரித்த முகத்துடன் சகித்துக்கொள்ள அவன் பழக்கப்பட்டதும் தெரியவந்தபோது, வாசகர்களில் ஒரு பெரும் பகுதியினரின் தீர்ப்பு மாறிற்று. அவன் செய்த செயல்களில் ஒன்றுகூட இல்லாமற் போய்விடவில்லை. காகிதங்கள் சிதறியது சிதறியதுதான். மாறியது வாசகரின் நெஞ்சு. ஒரு கொடுமைக்குக் காரணம் தெரிந்த மாத்திரத்தில் அந்தக் கொடுமையே மன்னிக்கப்பட்டுவிட்டதாகக் கொள்ளும் இந்த நெகிழ்ச்சி, உளவியல் காதல்கதை என்று இன்று வழங்கும் சித்திர இலக்கியம் முழுவதிலும் ஓடுகிறது. அதை ரசிப்பவர்களும் தூஷிப்பவர்களும் சண்டையிட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்த ஓரிடத்தில்தான்.

விரல் நுனியில் ஒரு நீதிமன்றம்

இவ்விதமான கதைகள் நேற்று முளைத்தவை அல்ல. ஜப்பானில் சிறுமியருக்கான பத்திரிகைகளில் எழுதிய பெண் படைப்பாளிகள் 1970களிலேயே மனக்காயத்தையும் காதலையும் ஒரே சித்திரத்தில் வைத்துப் பார்க்கத் துணிந்துவிட்டார்கள். தாகெமியா கெய்கோ, பத்திரிகாசிரியர்களின் தயக்கத்தோடு வருஷக்கணக்கில் போராடி, 1976இல் தொடங்கிய 'காற்றும் மரங்களும் பாடும் கவிதை' என்ற தொடர், நெருங்கிய உறவினர் ஒருவராலேயே சீரழிக்கப்பட்ட ஒரு சிறுவனைக் கதாநாயகனாகக் கொண்டது. 1979இல் ஷோகாகுகான் பரிசும் பெற்றது. 1992இல் காமியோ யோகோ தொடங்கிய 'ஹனா யோரி டாங்கோ' என்னும் தொடரிலோ, ஏழைப் பெண்ணைப் பள்ளி முழுவதையும் ஏவிவிட்டு வதைக்கும் பணக்காரப் பையனே பின்னர் அவளுடைய காதலனாகிறான். அது கொரியாவில் 2009இல் 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடராகி, தமிழ்நாட்டில் கொரிய நாடகம் பார்க்கும் வீடுகள் வரையில் வந்து சேர்ந்தது.

கொரியர்கள் இந்த மரபுக்குச் சேர்த்தது ஒரு புதிய வாசிப்பு முறை. 2003இல் கங் ஃபுல் என்பவர் டாவும் தளத்தில் வெளியிட்ட ஒரு காதல் தொடர், பக்கம் புரட்டும் வழக்கத்தை விட்டுவிட்டு, மேலிருந்து கீழாக வழிந்தோடும் நீண்ட சித்திரச் சுருளாக அமைந்து பெரும் வெற்றி பெற்றது. வெப்டூன் என்னும் வடிவத்துக்கு அதுவே ராஜபாட்டை அமைத்தது எனலாம். சித்திரக்கதையின் உயிர் இரண்டு சட்டங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் இருக்கிறது என்றும், அங்கே நிகழ்வதை நிறைவு செய்பவர் வாசகரே என்றும் அமெரிக்கரான ஸ்காட் மெக்ளவுட் 1993இல் எழுதிய நூலில் விளக்கியிருக்கிறார். அச்சுப் பக்கத்தில் விரற்கடை அகலமாக இருந்த அந்த வெற்றிடம், கைபேசித் திரையில் விருப்பம்போல் நீளக்கூடியதாயிற்று. கதவு திறக்கிறது, கட்டை விரல் திரையை மேலே தள்ளுகிறது, வெறும் கருமை, இன்னும் தள்ளினாலும் கருமை, அதற்குப் பிறகே ஒரு முகம். அடிவிழும் கணத்தைச் சித்திரக்காரர் வரையவே வேண்டியதில்லை. தன் விரலாலேயே அதை நோக்கி நகர்ந்த வாசகர், தானும் அங்கே நின்றதாக உணர்ந்துவிடுகிறார்.

இதோடு வாரத்துக்கு ஒரு தவணை என்னும் நிர்ப்பந்தமும் சேர்ந்துகொண்டது. அடுத்த இதழுக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற தலைமுறையைக் கண்ட தமிழ் வாசகருக்கு அந்த ஏழு நாள் தவிப்பைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. கதையை முழுமையாகப் படித்து முடித்த பின் அபிப்பிராயம் சொல்லும் வாசகர் வேறு. கதையின் காதலன் கையோங்கிய இடத்தில் கதை நிற்க, ஒரு வாரம் முழுவதும் அந்த ஓங்கிய கையோடு வாழும் வாசகர் வேறு. கொரிய வாசகர்கள், நெஞ்சை அடைத்துக்கொள்ளும் இத்தகைய அத்தியாயத்தைச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்றும், அடைப்பை நீக்கிக் கொடியவருக்குச் சூடு கொடுக்கும் அத்தியாயத்தைச் சைடர் என்னும் பானத்தின் பெயராலும் சொல்லுவார்கள். கிழங்கு மிகுந்துபோனால் படைப்பாளியிடமே கோபித்துக்கொள்ளுவார்கள். காதலனின் குற்றத்தை நிறுத்துப் பார்க்கத் தராசு பிடித்து உட்கார்ந்திருக்கும் வாசகர், படைப்பாளியின் குற்றத்தையும் அதே தராசில் நிறுத்துவிடுகிறார்.

2016ஆம் ஆண்டு ஜனவரியில் டிவிஎன் தொலைக்காட்சி 'சீஸ் இன் தி டிராப்' கதையை நாடகமாக்கியபோது இந்தத் தராசின் கனம் ஊரறிய வெளிப்பட்டது. முதல் வாரங்களில் கொண்டாடிய பார்வையாளர்களே, யூ ஜங் தோன்றும் காட்சிகள் வரவரக் குறைந்து, வெளிப்படையான சுபாவம் கொண்ட மற்றொரு வாலிபனுக்கு இடம் பெருகியதைக் கண்டு கொதித்தெழுந்தார்கள். சூன்கியும் தம்மைக் கலந்துகொள்ளாமலே நாடகம் செலுத்தப்பட்டது பற்றித் தமது மனக்குறையைப் பகிரங்கமாகத் தெரிவித்தார். மேலுக்கு இது ஒரு நடிகரின் ரசிகர்கள் எழுப்பிய கூச்சலாகத் தோன்றலாம். வாசகர்கள் இழந்ததாகக் கருதியதோ அந்தக் கொடிய காதலனின் உட்புறத்தை. அவன் ஏன் அப்படி இருக்கிறான் என்பது காட்டப்படாவிட்டால் அவனை மன்னிக்கவும் வழியில்லை, வெறுக்கவும் வழியில்லை. வழக்கைப் பாதியில் தள்ளுபடி செய்துவிட்ட நீதிமன்றத்தின்மீது வருகிற கோபமே அது.

நிலவறையும் அதன் ரசிகர்களும்

யூ ஜங்கின் கொடுமை நுட்பமானது. ஹோங் ஸொலை அவன் அடிப்பதில்லை. 2016 முதல் 2019 வரையில் லெஷின் தளத்தில் கூகி என்பவர் வரைந்த 'கில்லிங் ஸ்டாக்கிங்' அத்தகைய தாட்சண்யம் எதையும் வாசகருக்கு அளிக்கவில்லை. யூன் பொம் என்ற அநாதை வாலிபன், தன்னை ஒரு சமயம் அவமானத்திலிருந்து காப்பாற்றிய ஓ சாங்-வூ என்பவன்மீது மோகம் கொண்டு, அவன் வீட்டு வாசலிலுள்ள எண் பூட்டில் ஒவ்வோர் எண்ணாக முயன்று முயன்று, ஒரு நாள் உள்ளே நுழைந்துவிடுகிறான். நிலவறையில் ஒரு பெண் கட்டுண்டு கிடப்பதை அவன் காண்பதும், பின்னாலே வீட்டுக்காரன் வந்து நிற்பதும், பொம்மின் கணுக்கால்கள் முறிக்கப்படுவதும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. அதன் பின் அறுபதுக்கு மேற்பட்ட அத்தியாயங்களில் நாம் காண்பது ஒரு கைதியும் கொலைகாரனும் ஒரே மேசையில் உணவருந்தி வாழும் வாழ்க்கை.

வயது வந்தோருக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வெளிவந்த இந்தத் தொடர் கொரியாவைத் தாண்டி எத்தனையோ தேசங்களில் பரவிற்று. திருட்டுப் பிரதிகளின் வழியாக, படிக்கக் கூடாத வயதினரின் கைக்கும் போய்ச் சேர்ந்தது. ரசிகர் கூடும் விழாக்களில் இளைஞர்கள் சாங்-வூ போலவும் பொம் போலவும் வேஷம் தரித்து ஜோடியாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். நிலவறையையே மறந்துவிட்டு இருவரையும் இனிய தம்பதிகளாக வரைந்து மகிழ்ந்தவர்களும் உண்டு. மற்றொரு சாரார் இதைக் கண்டு அருவருப்புற்று, இது காதல்கதையே அன்று, காதல் என்று இதை அழைப்பதே அபசாரம் என்று வாதாடினார்கள். இரண்டு கட்சியினரும் ஆதாரமாக எடுத்துக்காட்டியது, வேடிக்கை என்னவென்றால், ஒரே அத்தியாயங்களைத்தான்: சாங்-வூவின் பெற்றோருக்கு இடையே நிகழ்ந்த வன்முறையையும் அதனூடே வளர்ந்த அந்தச் சிறுவனின் சிதைவையும் கூகி வரைந்த பகுதிகளை. ஒரு கட்சி அங்கே ஓர் அபலைக் குழந்தையைக் கண்டது. மற்றொரு கட்சி ஒரு கொலைகாரனின் உற்பத்தியைக் கண்டது. கூகி இரண்டையும் வரைந்திருந்தார். கதையின் முடிவில் சாங்-வூ மடிகிறான். பொம்மோ விடுதலை பெற்றவனாக வெளியே வரவில்லை. தன்னைச் சிதைத்தவனையே தேடி அலைபவனாக நிற்கிறான். அதைப் படித்து அழுத வாசகர்களில் பலர், தாங்கள் அழுவது எதற்காக என்று தங்களையே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அந்தக் கேள்வியை எழுப்பிய அளவில் அந்தப் பயங்கரமான தொடர் தன் காரியத்தைச் செய்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பொம்மின் நிலை வெறும் கற்பனைச் சரக்கன்று. கனடாவில் டொனால்ட் டட்டனும் சூசன் பெயின்டரும் 1980களின் தொடக்கத்தில், அடிபட்ட பெண்கள் அடித்தவரை விட்டு ஏன் விலக முடிவதில்லை என்பதை ஆராய்ந்து, இரண்டு நிபந்தனைகளைச் சுட்டிக்காட்டினார்கள். ஒன்று, ஒருவர் கையில் முழு அதிகாரமும் மற்றவர் கையில் ஒன்றுமில்லாமையும்; இரண்டு, கொடுமை இடைவிடாமல் நிகழாமல், இடையிடையே அன்பும் உபசாரமும் வருவது. எப்போதும் கொடியவனாக இருப்பவனை மனம் வெறுத்து ஒதுக்கிவிடும்; நேற்று அடித்துவிட்டு இன்று காயத்துக்கு மருந்து தடவுபவனிடந்தான் அது சிக்கிக்கொள்கிறது, ஏனென்றால் வேதனையிலிருந்து கிடைக்கும் விடுதலையும் அவன் கையிலேயே இருக்கிறது. இதற்குச் சற்று முன், 1979இல், லெனோர் வாக்கர் வெளியிட்ட நூல், பதற்றம் ஏறுதல், அடி விழுதல், மன்னிப்பும் கொஞ்சலும் என்று சுழலும் ஒரு சக்கரத்தை விவரித்தது. அந்தச் சக்கரத்தின் மூன்றாம் கட்டத்தைத் தனியே எடுத்து வரைந்தால் அது உத்தமமான காதல் காட்சியாகவே இருக்கும். வாராவாரம் ஒரு தவணையாகப் படிப்பவருக்கு அது அப்படித் தனியாகவே வந்து சேர்கிறது. வாசகர் மயங்குவது அவருடைய புத்திக்குறைவினால் அன்று. உறவினுள்ளே சிக்கியவரை எது மயக்குகிறதோ அதுவே கதையின் வடிவத்தின் மூலம் அவரையும் மயக்குகிறது.

ஸ்மித்தன் ஊர்ப் பெண்கள் சொன்னது

கொடிய நாயகனை வாசகர் எப்படி ஏற்கிறார் என்பதைப் பற்றிப் பேசும்போது, ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரை மறக்க முடியாது. காதல் நாவல்களை மட்டமானவை என்று ஒதுக்கிய பண்டிதர்கள் அவற்றைப் படிக்கும் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பதை உணர்ந்த ராட்வே, ஸ்மித்தன் என்று தாம் மாற்றுப் பெயரிட்ட ஓர் ஊரில், புத்தகக் கடை ஊழியர் ஒருவரைச் சுற்றி இயங்கிய வாசகியர் குழுவைச் சந்தித்து உரையாடி, 1984இல் தமது நூலை வெளியிட்டார். அந்தப் பெண்கள் ஏமாளிகள் அல்லர். இன்பத்துக்காகவே கொடுமை செய்யும் நாயகனை அவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. பலாத்காரத்தைச் சிங்காரமாக்கும் புத்தகங்களைத் தூக்கி எறிந்தார்கள். முன்பகுதியில் முரடனாக நடந்துகொண்டவன், பின்பகுதியில், தான் பட்ட காயத்தாலோ பிழைபட்ட புரிதலாலோ அவ்வாறு நடந்ததாகவும் உள்ளுக்குள் அன்பே நிறைந்திருந்ததாகவும் வெளிப்பட்டால் மட்டும் அவனை ஏற்றுக்கொண்டார்கள். தங்கள் வீட்டில் காணும் ஆண்களின் பாராமுகத்துக்கும் இப்படி ஒரு மறைபொருள் இருக்கக்கூடும் என்னும் ஆறுதலை இந்தக் கதைகள் தருகின்றன என்பதையும், ஆறுதல் தருவதாலேயே அந்தப் பாராமுகம் நீடிக்கவும் அவை துணைபோகக் கூடும் என்பதையும் ராட்வே ஒருசேரச் சொன்னார்.

இன்றைய வெப்டூன் வாசகி ஸ்மித்தன் வாசகியின் பேத்தி எனலாம். பாட்டியின் சாமர்த்தியம் அவளிடமும் இருக்கிறது. முரட்டுத்தனத்தின் அடியில் காயத்தையும், காயத்தின் அடியில் அன்பையும் தோண்டி எடுக்கும் சாமர்த்தியம் அது. ஆனால் பேத்திக்குப் பாட்டியிடம் இல்லாத ஒரு சொற்களஞ்சியமும் கிடைத்திருக்கிறது. டாக்ஸிக், ரெட் ஃபிளாக் முதலிய சொற்கள் பள்ளிப் பிள்ளைகளின் வாயில் புழங்குகின்றன. கைபேசியைக் காட்டச் சொல்வது, சிநேகிதிகளிடமிருந்து பிரிப்பது, நடந்ததை நடக்கவில்லை என்று சாதிப்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் அவள் பெயர் சொல்லுவாள். சொல்லிவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் அவனுடைய பால்யம் வந்ததும் கண் கலங்குவாள். இதை முரண்பாடு என்று பரிகசிப்பவர்கள் வாசிப்பை அறியாதவர்கள். அறிவு ஒரு வழியிலும் அனுதாபம் ஒரு வழியிலும் இழுக்க, இரண்டையும் ஒரே சமயத்தில் தாங்கிப் பழகுவதற்கு, தன் கன்னத்தில் அடி விழாமலே பழகுவதற்கு, கதையைவிடப் பத்திரமான இடம் ஏது?

காயம் பட்டவளின் கண்கள்

நியூசிலாந்தைச் சேர்ந்த ரேச்சல் ஸ்மைத் 2018 முதல் 2024 வரையில் வெப்டூன் தளத்தில் நடத்திய 'லோர் ஒலிம்பஸ்' இந்த விஷயத்தில் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தியது. பாதாள லோகத்தின் அதிபதியான ஹேடீஸ், பெர்செஃபொனி என்னும் கன்னியைக் கவர்ந்து சென்ற கிரேக்கப் புராணம் அதன் மூலம். கடத்தலையே காதலாகச் சொல்லும் புராணத்தை எடுத்துக்கொண்ட ஸ்மைத், கடத்தலை நீக்கிவிட்டு, கொடுமையை வேறிடத்தில் வைத்தார். அவருடைய கதையில் பெர்செஃபொனியைப் பலாத்காரம் செய்பவன் ஒளிமிக்க அப்பல்லோ. ரோஜா வர்ணத்தில் பெர்செஃபொனி, நீல வர்ணத்தில் ஹேடீஸ், ஊதா வர்ணத்தில் அப்பல்லோ என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் வகுத்து வரையப்பட்ட அந்தத் தொடரில், சம்பவம் நடந்த பிறகும் நடந்தது இன்னதென்று அவளுக்கே பெயர் சொல்லத் தெரிவதில்லை. தான் தெளிவாக மறுக்கவில்லையோ, தவறு தன்னுடையதோ என்று அத்தியாயம் அத்தியாயமாகத் தனக்குள் வாதிட்டுக் களைத்து, பின்னரே தோழனான ஈராஸிடம் அதைச் சொல்லுகிறாள்.

அந்தத் தாமதத்தில்தான் வாசகர்களில் எத்தனையோ பேர் தங்களைக் கண்டார்கள். தங்களுக்கு நேர்ந்ததையும் தாங்கள் இதுபோலவே நெடுநாள் பெயரிடாமல் வைத்திருந்ததாகச் சொல்ல முன்வந்தவர்கள் உண்டு. மனக்காயம் பற்றி 1992இல் ஜூடித் ஹெர்மன் எழுதிய நூல், மீட்சிக்கு முதற்படி பத்திரம், இரண்டாம் படி நடந்ததை நினைவுகூர்ந்து துக்கித்தல், மூன்றாம் படி மனிதரோடு மீண்டும் இணைதல் என்று வகுத்தது. ஸ்மைத்தின் தொடர் அந்தப் படிகளைப் பாடமாக ஒப்பிக்காமல், ஒரு பெண்ணின் அன்றாடமாக வரைந்தது. அச்சில் வந்த தொகுதிகளின் முகப்பிலேயே, இதில் உடல்ரீதியான, மனரீதியான துன்புறுத்தலும் பாலியல் காயமும் இடம்பெறுகின்றன என்றும், படித்துக் கலங்குபவர்கள் உதவி நாட வேண்டும் என்றும் ஓர் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. 2022இலும் 2023இலும் சிறந்த இணையச் சித்திரக்கதைக்கான ஐஸ்னர் விருது அதற்குக் கிடைத்தது.

ஆயினும் ஸ்மைத்தின் வாசகர்கள் பக்தர்களாக மட்டும் இருந்துவிடவில்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கும் ஈராயிரம் வயதுத் தேவனுக்கும் இடையே சமமான காதல் சாத்தியமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஹேடீஸின் முந்தைய காதலியான மிந்தி ஆத்திரத்தில் அவனை அறைந்த அத்தியாயம் பெரிய தர்க்கத்தைக் கிளப்பியது. ஒரு பெண் ஆணை அறைந்ததைச் சாதாரணக் கோபமாக எடுத்துக்கொள்வதா, அதுவும் துன்புறுத்தலே என்று கொள்வதா? மிந்தியின் தாழ்வு மனப்பான்மைக்கும் அச்சத்துக்கும் கதை இடம் கொடுத்திருந்தது. அப்பல்லோவுக்கோ அப்படி இரக்கத்தைக் கோரும் பின்கதை எதையும் அது முன்னால் கொண்டுவந்து நிறுத்தவில்லை. யாருடைய காயத்தைக் காட்டுவது, யாருடையதைக் காட்டாமல் விடுவது என்பது படைப்பாளி வழங்கும் தீர்ப்பின் ஒரு பகுதி என்பதை இதைக்காட்டிலும் தெளிவாக விளக்கும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வாசகரின் கண்ணீர் தானாகப் பெருகுவதில்லை. எந்தக் கதவைத் திறந்தால் அது பெருகும் என்பதை அறிந்த ஒருவர் அந்தக் கதவைத் திறக்கிறார்.

தடை விதித்தவர்கள் கண்டது என்ன?

இத்தகைய கதைகளைத் தடை செய்துவிட்டால் என்ன என்று கேட்கும் குரல் எல்லாத் தலைமுறையிலும் எழுவதுண்டு. அமெரிக்காவில் ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் 1947இல் 'யங் ரொமான்ஸ்' என்ற பத்திரிகையால் தொடங்கிவைத்த காதல் காமிக்ஸ் பெருக்கெடுத்து ஓடிய காலத்தில், ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று 1954இல் ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டில் பதிப்பாளர்கள் தாங்களாகவே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை வகுத்து, காதல் கதைகள் இல்லத்தின் பெருமையையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும் என்றார்கள். விளைவு, காதல் காமிக்ஸில் கண்ணீர் விட்ட பெண்கள் அனைவரும் கடைசிச் சட்டத்தில் பொருத்தமான மணமகனை அடைந்தார்கள். அடிக்கும் கணவன் கதையிலிருந்து மறைந்தான், வீட்டிலிருந்து மறையவில்லை. பிற்காலத்தில் வெர்தமின் கையெழுத்துக் குறிப்புகளைப் பரிசோதித்த கேரல் டில்லி என்ற ஆராய்ச்சியாளர், சிறுவர்கள் சொன்னவற்றை அவர் தம் முடிவுக்கு ஏற்றபடி திரித்தும் சேர்த்தும் காட்டியிருந்தார் என்பதை 2012இல் வெளிப்படுத்தினார். வாசகரைக் காப்பாற்றப் புறப்பட்டவர் வாசகரின் பேச்சுக்கே செவி கொடுக்கவில்லை.

கொரியாவின் அனுபவம் வேறொரு பாடத்தைச் சொல்கிறது. ஹோங் ஸொலை ஒரு மாணவன் பின்தொடர்ந்து அலையும் அந்தத் தொடரைச் சூன்கி தொடங்கிய 2010இல், பின்தொடர்தலுக்கென்று தனிச் சட்டமே அந்நாட்டில் கிடையாது. சொற்ப அபராதத்தோடு தீரும் சிறு குற்றமாகவே அதன்பின்னும் பல்லாண்டுகள் அது நடத்தப்பட்டது. தனிச் சட்டம் 2021 அக்டோபரில்தான் அமலுக்கு வந்தது. மறு ஆண்டு செப்டம்பரில், சியோல் நகரின் சிந்தாங் ரயில் நிலையத்தில், பணியிலிருந்த பெண் ஊழியர் ஒருவரை, அவரைப் பின்தொடர்ந்த குற்றத்துக்காகத் தீர்ப்பை எதிர்நோக்கியிருந்த முன்னாள் சக ஊழியனே கொலை செய்தான். பாதிக்கப்பட்டவர் தண்டனை வேண்டாம் என்றால் வழக்கே நின்றுவிடும் என்றிருந்த விதி, அதற்குப் பின்னரே, 2023இல் நீக்கப்பட்டது. ஒருவன் சந்திலும் வகுப்பிலும் தன்னையே தொடர்ந்து வரும்போது அதைப் 'பிரியம்' என்று சுற்றியிருப்பவர்கள் சிரித்து ஒதுக்கினால் ஒரு பெண்ணுக்கு எப்படியிருக்கும் என்பதைச் சட்டம் அறிவதற்குப் பல ஆண்டுகள் முன்னமே ஒரு சித்திரத் தொடரின் வாசகர்கள் வாராவாரம் அறிந்திருந்தார்கள். தொடரினால் சட்டம் வந்தது என்று யாரும் சொல்லத் துணியார். ஆனால் பெயரிடப்படாத ஒரு வேதனையை, அதற்குள் அகப்பட்டவளின் கண் வழியாக லட்சக்கணக்கானவர்கள் பார்த்துப் பழகினார்கள் என்பது அற்ப காரியம் அன்று.

பின்கதைக்குப் பின்

எனவே, கொடுமையைக் காட்டலாமா கூடாதா என்பதை விட்டு, காட்டிய பின் கதை யாரோடு தங்குகிறது என்பதைக் கேட்பதே பயன் தரும். ஹகியோ மோட்டோ 1992 முதல் 2001 வரையில் வரைந்த 'கொடிய தெய்வம் ஆள்கிறது' என்ற தொடரை இங்கே உரைகல்லாகக் கொள்ளலாம். தேஸுகா ஒஸாமு கலாசாரப் பரிசு 1997இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோதே மேன்மைக்கான பரிசு பெற்ற நூல் அது. மாற்றாந்தந்தையால் சீரழிக்கப்படும் ஜெரமி என்னும் சிறுவனின் கதையில், அந்தக் கொடியவன் விபத்தில் மடிவதோடு புத்தகம் முடியும் என்று எதிர்பார்ப்பவருக்கு ஹகியோ ஆச்சரியம் வைத்திருக்கிறார். பதினேழு தொகுதிகளில் பெரும் பகுதி அந்த மரணத்துக்குப் பிறகே நிகழ்கிறது. உறக்கமின்மையும் குற்ற உணர்வும் போதையும் ஆத்திரமும், தன்னை நேசிக்க வருபவரையே நம்ப முடியாமையும் அங்கே பக்கம் பக்கமாக வரையப்பட்டிருக்கின்றன. கொடியவனுக்கும் ஒரு மனம் உண்டு என்பதை ஹகியோ மறைக்கவில்லை. ஆனால் ஏடுகளைப் பங்கிட்டபோது பெரும்பங்கை ஜெரமிக்குக் கொடுத்தார்.

மலிவான தொடர்களில் பங்கீடு நேர்மாறாக இருக்கும். அடித்தவனின் பால்யத்துக்கு மூன்று அத்தியாயம், அடிபட்டவளின் மறுநாளுக்கு மூன்று சட்டம். அவன் ஒரு முறை மண்டியிட்டு அழுதால் கல்யாணம். இந்தக் கணக்கைப் பார்க்கக் கற்றுக்கொண்ட வாசகியை எந்த அழகிய முகமும் நெடுநாள் ஏமாற்ற முடியாது. ஆகவே பதினேழு வயதுப் பெண் ஒருத்தி சாங்-வூவைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால், பெற்றோரும் ஆசிரியரும் திடுக்கிட்டுக் கைபேசியைப் பிடுங்க வேண்டியதில்லை. அவன் அழுதபோது பொம் எங்கே இருந்தான், அவனுடைய கணுக்கால் ஆறிற்றா, அதை எத்தனை பக்கங்களில் வரைந்திருக்கிறார்கள் என்று அவளிடமே கேட்கலாம். அவள் பெரும்பாலும் நம்மைவிட நுட்பமாகவே பதில் சொல்லுவாள்.

ஒரு பாத்திரத்தின் பால்யத்துக்காகக் கண்ணீர் விடுவது வாசகரின் உரிமை. அந்த உரிமையைப் பறிக்கும் விமர்சனமும் சட்டமும் இலக்கியத்துக்கு விரோதமானவை. அந்தக் கண்ணீரை, புத்தகத்தை மூடிய பின், தன் கைபேசியைப் பிடுங்கி வைத்துக்கொள்பவனுக்கும் தன் வாசலில் வந்து நிற்பவனுக்கும் ஜாமீனாகக் கொடுத்துவிடாமலிருப்பது அவருடைய விவேகம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைக் கொடிய காதலர்களின் கதைகளைக் கவனமாகப் படிப்பவர்கள் அறிந்திருக்கிறார்கள். அறியாதவர்களுக்கும் அக்கதைகளைக் கவனமாகப் படிப்பதே வழி.